பச்சைப் புள்ளி வைத்த வீடுகள்

ஆம்ஸ்டெல்ஃபேனில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு. 25ஆம் எண் ட்ராம் நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடை. வாடகை 2,100 யூரோ, மின்சாரம், எரிவாயு தனி. படங்கள் ஆறு. கடைசி வரி: 'சைவக் குடும்பத்துக்கு முன்னுரிமை.' வரிக்குப் பக்கத்தில், பிஸ்கட் பொட்டலத்தில் இருக்கும் அதே பச்சைப் புள்ளி.

இது நம்முடைய தமிழ் வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம். குழுவை நடத்தும் மூவரில் நானும் ஒருவன். இதுபோல எத்தனையோ வரிகள் என் கண்முன்னே கடந்து போயிருக்கின்றன. நான் ஒன்றையும் நீக்கியதில்லை. இந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஏன் எழுத வந்தேன் என்றால், அந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்த பெண்ணை எனக்குத் தெரியும்.

அவள் இந்த நாட்டிலேயே பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். செவிலியர் வேலை, இரவுப் பணி முடிந்து பேருந்தும் ரயிலும் மாறி ஒன்றரை மணிநேரம் பயணம் செய்து வீடு போய்ச் சேர்கிறாள். டச்சுத் தரகர்களிடம் எழுதி எழுதி ஓய்ந்தபின், 'நம்ம ஆள் வீடு' என்ற நம்பிக்கையில் அழைத்திருக்கிறாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும். வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்.

"சாப்பாடெல்லாம் எப்படிம்மா? வெஜ்தானே?"

"இல்லை, மீன் சாப்பிடுவன். பிரச்சினையோ?"

"பிரச்சினையெல்லாம் இல்லம்மா. வீட்ல அம்மா வந்து தங்குவாங்க சில சமயம், அதான். எந்த ஊர் நீங்க? சிலோனா? சரி, ஏற்கெனவே ஒரு ஃபேமிலி கேட்டிருக்காங்க. சொல்றேன்."

அன்று மாலையே அதே விளம்பரம் மறுபடி வந்தது. அவள் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். கீழே ஒரே கேள்வி: "அண்ணா, மீனா பிரச்சினை, நானா?"

எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

அவளுடைய அப்பாவை ஒருமுறை சந்தித்திருக்கிறேன். 1985இல் வந்தவர். இந்த நாடு அப்போது வந்திறங்கிய ஈழத் தமிழருக்கென்றே ஒரு தனி ஏற்பாடு செய்தது. 'படுக்கை, குளியல், ரொட்டி' என்பது அதற்குப் பேர். மற்றவர்களுக்குக் கிடைத்த சமூக உதவித்தொகை இவர்களுக்கு இல்லை; விடுதி போன்ற இடங்களில் படுக்கையும் சாப்பாடும் கொஞ்சம் கைச்செலவுக் காசும் கொடுத்தார்கள். 1987இல் அகதிகளுக்கான பொது வரவேற்பு ஏற்பாடு வரும்வரை இப்படித்தான். நெதர்லாந்தின் அகதிக் கொள்கையின் வரலாற்றை யார் எழுதினாலும் தமிழர் என்ற சொல் அங்கே வரும். அந்த மனிதர் சொன்னது: "எங்களுக்கு அப்ப அடுப்புப் பக்கமே போக விடேல்லை. ஒரு கறி வைக்க எண்டு ஏங்கிப் போனம்." நாற்பது ஆண்டு கழித்து அவர் மகளுடைய மீன் சட்டியைக் கேள்வி கேட்டது டச்சு அரசாங்கம் அல்ல. வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு டேட்டா என்ஜினியர்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வேறு நாடுகளில் இருந்து படிப்பவர்களுக்காக. ஆம்ஸ்டெல்ஃபேன், ஆம்ஸ்டர்டாமின் தெற்கு விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நகராட்சி. ஏறத்தாழ 95 ஆயிரம் பேர். 1964 வரை அதன் பெயர் நியூவர் ஆம்ஸ்டல். தண்ணீர் வடித்து எடுத்த தாழ்நிலம், கே.எல்.எம். விமான நிறுவனத்தின் தலைமையகம். பக்கத்திலேயே ஸ்கிபோல் விமான நிலையம். காற்று திசை மாறும் நாட்களில் வடபகுதி வீடுகளுக்கு மேலே விமானங்கள் தாழ இறங்கும், பேசிக்கொண்டிருப்பவர்கள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். முதலில் ஜப்பானியக் குடும்பங்களுக்குப் பேர் போன ஊர் இது. ஆம்ஸ்டர்டாம் காட்டில் அவர்கள் கொடுத்த 400 செர்ரி மரங்கள் ஒவ்வொரு ஏப்ரலும் பூக்கின்றன. பிறகு நாம் வந்தோம். 2004இல் அரசு கொண்டுவந்த 'கென்னிஸ்மிக்ரன்ட்', அதாவது அறிவுத் தொழிலுக்கான குடிவரவுத் திட்டம், மென்பொருள்காரர்களை இங்கே கொண்டு வந்தது. இன்று நகரத்தின் நடு மையத்தில் தீபாவளி கொண்டாடுகிறார்கள்; சூப்பர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை கிடைக்கிறது. கிடைக்காதது வீடுதான்.

வீடு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இந்த நாட்டில் இப்போது எல்லோருக்கும் ஒரு விரலும் அந்த விரலுக்கு ஒரு திசையும் இருக்கிறது. திசை நம்மை நோக்கி. 2023 நவம்பர் தேர்தலில் பி.வி.வி. கட்சி 37 இடங்களுடன் முதலிடம் பிடித்ததற்கு வீட்டுப் பஞ்சத்தையும் குடிவரவையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தப் பேச்சும் ஒரு காரணம். நாடு முழுக்கச் சுமார் 4 இலட்சம் வீடுகள் போதாது என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எப்படி ஏறியது? 2010இல் வீட்டுவசதிக்கென்று இருந்த தனி அமைச்சகத்தையே கலைத்தார்கள், இனி சந்தை பார்த்துக்கொள்ளும் என்று. 2013 முதல் பத்தாண்டு, ஏழைகளுக்கு வீடு கட்டும் கழகங்கள்மீது ஒரு தனி வரி போட்டு, கட்ட வேண்டிய பணத்தை உறிஞ்சினார்கள். 2023இல்தான் அதை எடுத்தார்கள். 2019 மே மாதம் நைட்ரஜன் மாசு தொடர்பான நீதிமன்றத் தீர்ப்பு வந்து பல கட்டுமானத் திட்டங்கள் நின்றன. தனியாக வாழ்பவர்கள் பெருகினார்கள். ஆம்ஸ்டெல்ஃபேனில் கூடுதலாக ஒன்று: விமான ஓடுபாதையின் பாதிப்பு விழும் பகுதிகளில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. இதில் எதையும் ஒரு ஜாவா புரோகிராமர் செய்யவில்லை.

இந்தப் பத்தியை நான் டச்சு நண்பர்களிடம் மனப்பாடமாக ஒப்பிப்பேன். உண்மைதான், ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் போக முடியவில்லை.

ஏனென்றால் நாம் வெறும் வாடகைக்காரர்களாக நிற்கவில்லை. 2013 வாக்கில் இங்கே வீட்டு விலை அடிமட்டத்தில் கிடந்தது. அப்போது துணிந்து அடுக்குமாடி வாங்கிய நம்மவர்கள், பிள்ளை பிறந்ததும் வெஸ்ட்வேக்கில் தோட்டம் வைத்த வரிசை வீட்டுக்குப் போனார்கள். பழைய வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்கள். (குடியிருக்க வாங்கிய கடனில் வங்கி அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக்கூடாது என்று பெரும்பாலான அடமானப் பத்திரங்களில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.) தவறா? இல்லை. நானும் பணம் இருந்திருந்தால் செய்திருப்பேன். ஆனால் வீட்டுச் சாவியோடு கூடவே மாம்பலத்து வீட்டு வாசலில் தொங்கிய அட்டையையும் எடுத்து வந்துவிட்டார்கள்.

அந்த அட்டையைப் பற்றி நமக்குள் நாம் நடிக்க வேண்டியதில்லை. 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்பது சென்னையில் உணவுக் குறிப்பு அல்ல என்று தெருவில் போகும் சிறுவனுக்கும் தெரியும். 'எந்த ஊர்?', 'ஊர்ல எந்தத் தெரு?', 'முழுப் பேர் என்ன?' என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்து ஒரே சொல்லில் கேட்கும் வழி அது. தமிழர் சாதிப் பெயரைப் பேரிலிருந்து வெட்டி எறிந்து மூன்று தலைமுறை ஆகிறது. இங்கே டச்சுப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் அப்பா பேரை எழுதி வைத்திருக்கிறோம். நகராட்சி எழுத்தர் என் அப்பாவை ஒரு குலமாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார். பேரில் பிடி கிடைக்காத இடத்தில் தட்டில் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் குழுவில் சைவத்துக்கு முன்னுரிமை கேட்ட ஒருவராவது, சைவம் சாப்பிடும் டச்சு மாணவிக்கு வீடு கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. இந்த நாட்டில் அப்படிப்பட்ட மாணவிகள் ஏராளம்.

இப்போது என் கதையைச் சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்வதற்கு முன்னால்.

டெல்ஃப்டில் முதுகலை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், கைஸர் காரல் பார்க் பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. நம்மவர் வீடு. அதே கேள்வி வந்தது. "சைவம்தான் சார்" என்றேன். தயக்கமே இல்லாமல் சொன்னேன். என் பாட்டி கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பாள், எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பதே ஆட்டுக்கறியின் பேர். பொய் சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு, மீன் பொரிக்கும் நாளெல்லாம் ஜன்னல்களை இறுக மூடி, கதவிடுக்கில் துணி சொருகி, முள்ளைச் செய்தித்தாளில் சுற்றி அலுவலகக் குப்பைத் தொட்டியில் போட்டேன். என் மனைவி அதை 'தலைமறைவு வாழ்க்கை' என்பாள், சிரித்துக்கொண்டுதான்.

இரண்டாம் குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. தொட்டிலுக்குப் பின்பக்கம். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கூட வந்த தரகர் டச்சுக்காரர். "இந்தியச் சமையல்," என்றார், வைத்தியர் நோய்ப் பெயர் சொல்வதுபோல. வீட்டுக்காரர் தலையாட்டினார்! சாம்பாரின் ஆவி சுவரைக் கெடுத்துவிட்டது என்று ஒரு தமிழரும் ஒரு டச்சுக்காரரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்ன அபூர்வக் காட்சியை நான் பார்த்தேன். வண்ணம் அடிக்கும் செலவு என் அட்வான்ஸில் கழிந்தது.

அந்தக் கட்டடங்களைப் பற்றிப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐம்பது, அறுபதுகளில் அவசரமாகக் கட்டியவை. நீண்ட வெளித் தாழ்வாரம், அதில் வரிசையாகக் கதவுகள். உள்ளே இருக்கும் கான்கிரீட் தளமே வெளியே நீண்டு பால்கனியாகிறது. குளிர் அந்தத் தளத்தின் வழியாகவே வீட்டுக்குள் நடந்து வருகிறது. டச்சில் அதைக் 'குளிர்ப் பாலம்' என்பார்கள். முன்பு ஜன்னல் இடுக்குகள் வழியாகக் காற்று போய்வந்தது. பிறகு எரிவாயுச் செலவைக் குறைக்க இரட்டைக் கண்ணாடி போட்டு இடுக்குகளை அடைத்தார்கள், காற்றுக்கென்று திறப்பு வைக்காமல். மூன்று பேர் மூச்சு விட்டாலே போதும், ஈரம் அந்தக் குளிர்ந்த மூலையைத் தேடிப் போய் உட்காரும். உருளைக்கிழங்கு அவிக்கும் டச்சு வீட்டிலும் இதே மூலையில் இதே கறுப்புதான். எங்கள் வீட்டில் ஒன்று கூடுதல்: நான் ஜன்னலைத் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை என்று நீதிபதி முன்னால் நின்றாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

நம்முடைய இந்தப் பணிவுதான் எனக்கு இன்று அதிகம் கோபம் மூட்டுகிறது. ஒரு கணினி அமைப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் இரவு மூன்று மணிவரை உட்கார்ந்து தோண்டுகிறோம். வாடகை ஒப்பந்தத்தில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் தரகர் வாடகைக்காரரிடம் தரகுக் கூலி வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் 'நிர்வாகச் செலவு' என்ற பேரில் ஒரு மாத வாடகை கொடுத்தவர்கள் என் நண்பர்களில் எத்தனை பேர்! 2023 ஜூலை முதல் தேதிக்குப் பின் போட்ட ஒப்பந்தம் என்றால் அட்வான்ஸ் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது. 2024 ஜூலையிலிருந்து, சில விலக்குகள் தவிர, புதிய ஒப்பந்தம் காலவரையறை இல்லாததாகத்தான் இருக்க வேண்டும்.

அதே 2024 ஜூலையில் வந்ததுதான் பெரியது. இந்த நாட்டில் வீட்டுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. அறையின் சதுர மீட்டர், சமையலறை, குளியலறை, மின்சிக்கனத் தரம், நகராட்சி போட்ட மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. முன்பு குறிப்பிட்ட வாடகைக்கு மேலே ஒப்பந்தம் போட்டுவிட்டால் பெரும்பாலும் வீட்டுக்காரர் வைத்ததே விலை. புதிய சட்டம் 186 புள்ளிவரை உச்சவரம்பு வைத்துவிட்டது. அந்த ஆண்டு 186 புள்ளிக்கு வாடகை மாதம் 1,157 யூரோ சொச்சம். 2025 முதல் புதிய ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கண்காணிப்பது நகராட்சியின் பொறுப்பு. அந்த 2,100 யூரோ வீட்டுக்கு விளம்பரத்தில் இருந்த அளவுகளை வைத்து நானே ஒரு மாலை கணக்குப் போட்டேன். 187ஐத் தொடவில்லை. இதில் என் கணக்கு தவறாகலாம், ஆனால் கணக்கே இல்லாமல் விளம்பரம் வந்தது என்பது தவறாகாது. இந்தச் சட்டம் வந்ததால் பலர் வீட்டை விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள், வாடகை வீடு இன்னும் அருகிப்போகிறது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி என்னிடம் வருந்தியவர்கள் அனைவரும் வீட்டுக்காரர்களாக இருந்தது தற்செயலாக இருக்காது.

பச்சைப் புள்ளிக்கு வருவோம். 'என் வீடு, என் இஷ்டம்' என்பது முதல் வாதம். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு அது சரி. வாடகைக்கு விளம்பரம் செய்த நிமிடத்தில் நீங்கள் சந்தைக்கு வந்துவிட்டீர்கள். 1994இன் சம நடத்துகைச் சட்டம் மதம், இனம், தேசியம் முதலியவற்றைக் காரணம் காட்டி மறுப்பதைத் தடுக்கிறது. நேராகச் சொல்லாமல் வேறொரு அளவுகோலை வைத்து அதே ஆட்களை வெளியே நிறுத்தினாலும், தக்க நியாயம் காட்ட முடியாவிட்டால் அது பாகுபாடுதான். சாதி அதில் எங்கே வருகிறது என்பார்கள். இனப்பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையில் 'பிறப்பு வழி' என்ற சொல் இருக்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று ஐ.நா. குழு 2002இலேயே விளக்கிவிட்டது. நெதர்லாந்து அந்த உடன்படிக்கையில் இருக்கும் நாடு. 2023இன் நல்ல வாடகைவிடல் சட்டம் இன்னும் நேரானது: ஆளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வீடு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். நகராட்சி ஒவ்வொன்றிலும் புகார் வாங்கும் இடம் இருக்க வேண்டும்.

'வாசனை போகாது சார்' என்பது இரண்டாவது வாதம். பெருங்காயத்தின் வாசனை போகுமா? வெளியேறும்போது சுத்தம் செய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், எழுதித்தான் இருக்கிறது. 'டச்சுக்காரன் மட்டும் ஒழுங்கா?' என்பது மூன்றாவது. இல்லை. வெளிநாட்டுப் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராது என்பதை நான் அனுபவித்திருக்கிறேன், நீங்களும்தான். அந்த வலி தெரிந்தவர்கள்தானே நாம்.

நான்காவது வாதம் வாதமே அல்ல, ஆனால் அதுதான் என்னை இரண்டு நாள் கட்டிப்போட்டது. சக நிர்வாகி ஒருவர் சொன்னார்: "பேசித் தீத்துக்கலாம்ணே. நம்ம ஆளை நாமளே முனிசிபாலிட்டில காட்டிக் கொடுக்கிறதா?" காட்டிக் கொடுப்பது. ஈழத்திலிருந்து வந்தவர் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் அப்பா பக்கத்தில் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். அவர் மகளும் 'நம்ம ஆள்'தானே என்று கேட்டேன். பதில் வரவில்லை, கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

பேசியும் பார்த்தேன். வீட்டுக்காரரை அழைத்தேன். நல்ல மனிதர், கொரோனா காலத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மாணவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர். "நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாததா, நாளைக்குக் கருவாடு வறுத்தா என்ன பண்றது?" என்றார். நான் அவரிடம் என் தலைமறைவு வாழ்க்கையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு கொஞ்சம் அமைதி. "அப்ப நீங்களும் நான்வெஜ்ஜா?" என்றார். பதினான்கு ஆண்டுப் பழக்கம். அவர் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்! அந்தக் குரலில் ஒரு தட்டு கழுவப்படுவதைக் கேட்டேன்.

குழுவில் அறிவித்தேன்: இனி உணவு, சாதி, ஊர், மதம் கேட்கும் விளம்பரம் நீக்கப்படும், புள்ளிக் கணக்கு இல்லாத வாடகை விளம்பரமும் அப்படியே. அன்றிரவே முப்பதுக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். மறுநாள் புதிய குழு ஒன்று தொடங்கியதாகக் கேள்வி. அதன் முகப்புப் படம் வாழையிலை. அந்தப் பெண்ணுக்கு ஹோஃப்டோர்ப்பில் ஓர் அறை கிடைத்திருக்கிறது, வீட்டுக்காரி ஒரு சுரினாம் பாட்டி. நான் எழுதிய பதில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. 'மீன் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அவள் சம்மதத்தோடு நகராட்சிக்குப் புகாரை அனுப்பியாயிற்று. விளம்பரத்தின் படம், அது மறுபடி வந்த நேரம், என் புள்ளிக் கணக்கு, என் பேர். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அவருடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. இந்த வாரம் பிள்ளைகளை அழைத்துப் போகும் முறை அவருடையது.